கூடைப்பந்தில் யார் பெரியவர்? கணக்கு எழுதாத ஊரில் ஒரு பட்டிமன்றம்

கூடைப்பந்து பார்க்கிற நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிடத்தில் வந்துவிடும் கேள்வி, "ஜோர்டானா, லெப்ரானா?" என்பதுதான். ரஜினியா கமலா, ராஜாவா ரஹ்மானா என்பது போல இதற்கும் தீர்ப்பு கிடையாது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ரஜினி கமல் சண்டையில் எல்லோரும் தொண்டையை வைத்துச் சண்டை போடுவார்கள். ஜோர்டான் லெப்ரான் சண்டையில் இரண்டு பக்கமும் எண்களோடு வருவார்கள்.

இப்போது அதே நாலு பேரிடம் "சரி, இந்தியாவில் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் சத்னாம் சிங் என்பார். மற்ற மூன்று பேரும் மொபைலை எடுத்துத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். "தமிழ்நாட்டில் யார்?" என்று கேட்டால் அந்த ஒருவரும் மொபைலை எடுப்பார்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொல்லும் முயற்சி. என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மிடம் பெரிய ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் ஆடியதற்குக் கணக்கு எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை. கணக்கு இல்லாத இடத்தில் விவாதம் நடக்காது. விவாதம் நடக்காத இடத்தில் பெயர்கள் மறந்து போகும். பி.காம் படிக்கிறவன் எதைப் பேசினாலும் கணக்கில்தான் வந்து நிற்பான் என்று சிரிக்கலாம். கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள் :)

அமெரிக்காவின் கணக்குப் புத்தகம்:

முதலில், கணக்கு ஒழுங்காக எழுதிய ஊரில் விவாதம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

மைக்கேல் ஜோர்டான் கட்சிக்காரர்கள் சொல்வது: 6 முறை இறுதிச் சுற்றுக்குப் போனார் (1991, 92, 93, 96, 97, 98), ஆறிலும் வென்றார், ஆறிலும் இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. ஒரு ஆட்டத்துக்குச் சராசரி 30 புள்ளிக்கு மேல்.

லெப்ரான் ஜேம்ஸ் கட்சிக்காரர்கள் சொல்வது: 2012, 2013, 2016, 2020 என நான்கு பட்டங்கள், மூன்று வெவ்வேறு அணிகளோடு. கரீம் அப்துல் ஜப்பார் வைத்திருந்த 38,387 புள்ளிகள் என்ற சாதனையை 2023 பிப்ரவரியில் தாண்டினார். 2024ல் 40,000 புள்ளியையும் கடந்தார். என்பிஏ வரலாற்றில் அதுவரை யாரும் தொடாத எண் அது.

எதிலிருந்து பேசினாலும் ஒரு எண் கிடைக்கிறது. அதனால் நாற்பது வயதுக்காரரும் இருபது வயதுக்காரரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சண்டை போட முடிகிறது.

ஆனால் அமெரிக்காவின் கணக்குப் புத்தகத்திலும் ஓட்டைகள் இருக்கின்றன. இது பலருக்குத் தெரியாது.

வில்ட் சேம்பர்லைன் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார். 1962 மார்ச் 2, பென்சில்வேனியா மாநிலத்தில் ஹெர்ஷி என்ற ஊர் (சாக்லேட் கம்பெனி ஹெர்ஷியேதான்). பிலடெல்பியா வாரியர்ஸ் 169, நியூயார்க் நிக்ஸ் 147. அந்த ஆட்டத்தின் வீடியோ கிடையாது. மைதானத்தில் இருந்தவர்கள் நாலாயிரத்துச் சொச்சம் பேர். மீதி உலகம் பெரும்பாலும் நம்புவது ஸ்கோர்ஷீட்டையும், "100" என்று எழுதிய தாளைப் பிடித்துக்கொண்டு வில்ட் உட்கார்ந்திருக்கும் ஒரு புகைப்படத்தையும்தான்.

இன்னொருவர் பில் ரஸ்ஸல். பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்காக 13 சீசன் ஆடி 11 பட்டம் வென்றவர். எதிரணியின் எறிதலைத் தடுப்பதில் அவருக்கு நிகர் இல்லை என்று அவரோடு ஆடியவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அவர் மொத்தம் எத்தனை எறிதலைத் தடுத்தார்? அதிகாரப்பூர்வமான எண்ணே இல்லை. ஏனென்றால் என்பிஏவில் தடுப்புகளையும் பந்துப் பறிப்புகளையும் எண்ண ஆரம்பித்ததே 1973-74 சீசனில்தான். ரஸ்ஸல் ஓய்வு பெற்றது 1969ல்.

இன்னும் கேளுங்கள். இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருதை 1969ல்தான் தொடங்கினார்கள். அந்த ஆண்டும் பட்டம் வென்றது ரஸ்ஸலின் செல்டிக்ஸ்தான், ஆனால் விருது போனது தோற்ற அணியின் ஜெர்ரி வெஸ்ட்டுக்கு. ஆக 11 பட்டம் வென்ற மனிதருக்கு அந்த விருது ஒன்றுகூட இல்லை. பிறகு 2009ல் அந்த விருதுக்கே பில் ரஸ்ஸல் பெயரை வைத்தார்கள். ஒருவருக்குக் கொடுக்க விட்டுப்போன விருதுக்கு அவர் பெயரையே சூட்டிய கதை இது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. எதை எண்ணுகிறோமோ அதில் சிறந்தவர்தான் பட்டியலில் மேலே வருவார். எண்ணாத வேலையைச் செய்தவர், அதை எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும், கீழே போவார். இதை மனதில் வைத்துக்கொண்டு நம்ம ஊருக்கு வருவோம்.

பந்து நந்தனத்துக்கு வந்த கதை:

கூடைப்பந்து 1891 டிசம்பரில் பிறந்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் கண்டுபிடித்தார். குளிர்காலத்தில் வெளியே போக முடியாமல் வம்பு செய்துகொண்டிருந்த மாணவர்களைக் கட்டிப்போட ஒரு உள்ளரங்க விளையாட்டு வேண்டியிருந்தது. பீச் பழக்கூடை இரண்டை மேலே மாட்டி, கால்பந்தை அதற்குள் எறியச் சொன்னார். அவ்வளவுதான்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து 1920ல் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அதுதான் இன்று நந்தனத்தில் இருக்கும் கல்லூரி. கூடுவாஞ்சேரியில் ரயில் ஏறி சைதாப்பேட்டையில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்திய அணியின் மேலாளரும் இதே பக்தான். கூடைப்பந்து பிறந்த பள்ளிக்கும் நம் சென்னைக்கும் நடுவில் ஒரே ஒரு ஆள்தான் தூரம் என்றால் ஆச்சரியமாக இல்லை?

அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் பி.டி. வாத்தியார்களாகப் பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். கூடவே இந்த விளையாட்டும் போனது. தேசியச் சாம்பியன்ஷிப் 1934ல் தொடங்கியது. இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 1950ல் வந்தது. ஆக நமக்கு இது நேற்று டிவியில் பார்த்துக் கற்றுக்கொண்ட விளையாட்டு கிடையாது. நூறு வருடப் பழக்கம்.

அப்படியானால் கணக்கு ஏன் இல்லை?

அடைப்புக்குறிக்குள் அடங்கிய ஆட்டம்:

இதற்குக் காரணம் பணம். அமெரிக்காவில் கூடைப்பந்து ஒரு வியாபாரம். டிக்கெட், டிவி, விளம்பரம் என்று வருமானம் வரும் இடத்தில் ஒவ்வொரு எறிதலையும் எண்ண ஆள் வைப்பார்கள், ஏனென்றால் ஆட்டக்காரருக்கு அடுத்த வருடம் என்ன சம்பளம் என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கும். சரக்கு இருப்பு எடுப்பது போலத்தான்.

இங்கே அப்படி இல்லை. நம் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் வேலை செய்யும் இடத்துக்காக ஆடினார்கள். தெற்கு ரயில்வே, ஐசிஎஃப், இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, வருமான வரித்துறை, சுங்கத்துறை என்று சென்னையின் அணிப் பெயர்களைப் பாருங்கள், ஒரு அரசு டைரியின் முதல் பக்கம் மாதிரி இருக்கும். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும், மாதச் சம்பளம் வரும், போட்டி வந்தால் விடுப்பு கிடைக்கும். இதைக் குறை சொல்லக்கூடாது. இந்த ஏற்பாடு இல்லையென்றால் தமிழ்நாட்டில் இந்த விளையாட்டே நின்றிருக்காது. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, கூடைப்பந்து ஆடினால் சோறு கிடைக்கும் என்ற நம்பிக்கையைக் கொடுத்தது இதுதான்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் புள்ளிவிவரத்துக்கு விலை இல்லை. ஆட்டக்காரர் 10 புள்ளி எடுத்தாலும் 30 புள்ளி எடுத்தாலும் மாதச் சம்பளம் ஒன்றுதான். எண்ணி யாருக்கு என்ன லாபம்?

அதனால் மிஞ்சியது என்ன? மறுநாள் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தின் அடியில் ஒரு வரி. இந்த அணி 78 (இன்னார் 22, இன்னார் 18), அந்த அணி 70 (இன்னார் 25). அடைப்புக்குறிக்குள் இரண்டு பெயர், இரண்டு எண். முடிந்தது. பந்தைச் சரியான நேரத்தில் தள்ளிவிட்டவர், எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை நாற்பது நிமிடமும் நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு ஓடியவர், தவறிய பந்தையெல்லாம் தாவிப் பிடித்தவர், இவர்கள் யாரும் அந்த அடைப்புக்குறிக்குள் வரமாட்டார்கள். பில் ரஸ்ஸல் சென்னையில் பிறந்து ஐசிஎஃப் அணிக்கு ஆடியிருந்தால் அவர் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

யாரெல்லாம் போட்டியில்?

சரி, இருக்கிற தகவலை வைத்துப் பட்டியல் போடுவோம். இந்தியா முழுவதிலும் எடுத்துக்கொண்டால் வழக்கமாக வரும் பெயர்கள் இவை.

1. பழைய தலைமுறை. குஷி ராம் (அர்ஜுனா விருது 1967), மும்பையின் குலாம் அப்பாஸ் முந்தசிர் (1970), அஜ்மேர் சிங் (1982) ஆகியோர். 1975ல் பாங்காக்கில் நடந்த ஆசியச் சாம்பியன்ஷிப்பில் இந்திய ஆண்கள் அணி நான்காவது இடம் பிடித்தது. இன்று வரை அதுதான் நம் ஆண்கள் அணியின் உச்சம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸில் பல நாடுகள் புறக்கணித்ததால் இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. ஒரு ஆட்டத்திலும் வெல்ல முடியவில்லை. ஆனாலும் ஒலிம்பிக்ஸில் ஆடிய ஒரே இந்தியக் கூடைப்பந்து அணி அதுதான்.

2. சத்னாம் சிங். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்துக்காரர், 7 அடி 2 அங்குலம். 2015ல் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி 52வது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தது. என்பிஏ தேர்வில் இடம்பிடித்த முதல் இந்தியர். ஆனால் என்பிஏ சீசனில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, பிறகு தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார். முதல் ஆள் என்பது பெருமைதான். முதல் ஆளும் சிறந்த ஆளும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்று சட்டமில்லை.

3. விசேஷ் பிருகுவன்ஷி. வாரணாசிக்காரர், அர்ஜுனா 2020. 2014ல் ஆசியக் கோப்பைப் போட்டியில் சீனாவை அதன் சொந்த மண்ணிலேயே, வூஹானில், 65-58 என்று இந்தியா வீழ்த்தியது. அந்தத் தலைமுறையின் முகம் இவர்.

4. பிரசாந்தி சிங். இவரும் வாரணாசிதான். அர்ஜுனா 2017, பத்மஸ்ரீ 2019.

5. கீது அன்னா ஜோஸ். கேரளாவில் பிறந்து தெற்கு ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தவர். அர்ஜுனா 2014.

6. அனிதா பால்துரை. சென்னைக்காரர். இவரும் தெற்கு ரயில்வே. பத்மஸ்ரீ 2021.

என் பார்வையில் உண்மையான போட்டி கடைசி இரண்டு பேருக்கு நடுவில்தான். இருவரும் 1985ல் பிறந்தவர்கள். ஒரே நிர்வாகத்தில் வேலை. இந்திய அணியில் பல வருடம் ஒன்றாக ஆடியவர்கள். நாம் தினமும் தொங்கிக்கொண்டு போகிறோமே அந்த மின்சார ரயிலை ஓட்டுகிற அதே தெற்கு ரயில்வேதான், இந்தியாவின் இரண்டு பெரிய கூடைப்பந்து ஆட்டக்காரர்களையும் வேலைக்கு வைத்திருந்தது.

கீதுவா, அனிதாவா?

கீதுவின் பக்கம் வலுவானது. 6 அடி 2 அங்குல உயரம், நடு ஆட்டக்காரர், கூடைக்கு அடியில் பந்து கையில் கிடைத்தால் புள்ளி நிச்சயம். 2006 முதல் 2008 வரை ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். ஆஸ்திரேலிய கிளப் ஒன்றுக்கு ஆடிய முதல் இந்தியப் பெண் அவர். 2011ல் அமெரிக்காவின் டபிள்யூஎன்பிஏ அணிகள் மூன்று (சிகாகோ ஸ்கை, லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்பார்க்ஸ், சான் அன்டோனியோ சில்வர் ஸ்டார்ஸ்) அவரைச் சோதித்துப் பார்க்க அழைத்தன. இடம் கிடைக்கவில்லை, ஆனால் அந்தக் கதவு வரைக்கும் போனவர் அவர்தான். ஒரே ஒரு ஆட்டம், ஜெயித்தே ஆகவேண்டும், யாரை எடுப்பாய் என்று கேட்டால் நான் கீதுவைத்தான் எடுப்பேன். யோசிக்கவே மாட்டேன்.

அனிதாவின் பக்கம் வேறு மாதிரி. 11 வயதில் ஆடத் தொடங்கினார். 19 வயதில் இந்திய அணியின் கேப்டன். 2001 முதல் 2017 வரை தொடர்ந்து ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப்புகள். இந்தியாவில் வேறு யாரும் செய்யாதது இது. தேசிய அளவில் 30 பதக்கங்கள். 2013ல் தோஹாவில் நடந்த ஆசிய 3x3 போட்டியில் தங்கம். மகன் பிறந்த பிறகு திரும்பி வந்து இந்திய அணிக்கு ஆடினார். நம் சமூகத்தில் கல்யாணம் ஆனாலே "இன்னும் என்ன விளையாட்டு?" என்று கேட்பார்கள். அம்மா ஆன பிறகு தேசிய அணிக்குத் திரும்புவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் அவருக்கு அர்ஜுனா விருது வரவில்லை. 2021ல் நேரடியாகப் பத்மஸ்ரீ வந்தது. பில் ரஸ்ஸல் கதை ஞாபகம் வருகிறதா?

முழுமை பெறா பதிவேடுகள்:

இரண்டு பேரின் உள்ளூர் ஆட்டங்களுக்கும் முழுக் கணக்கு இல்லாதபோது எப்படித் தீர்ப்புச் சொல்வது? இங்கேதான் நம்ம பாடம் உதவுகிறது. பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் முதல் பாடமே இதுதான், "முழுமை பெறா பதிவேடுகளிலிருந்து கணக்குகள்". பிற குரூப்பில் படித்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒரு மளிகைக் கடைக்காரர் ஒழுங்காகக் கணக்கு எழுதவில்லை. வருட முடிவில் எவ்வளவு லாபம் என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு விற்பனையையும் தேடிக்கொண்டிருக்க முடியாது. அதனால் வருட ஆரம்பத்தில் கடை என்ன நிலையில் இருந்தது, முடிவில் என்ன நிலையில் இருக்கிறது என்று இரண்டு நிலை அறிக்கைகள் தயாரிப்போம். இறுதி முதலிலிருந்து தொடக்க முதலைக் கழிப்போம். நடுவில் வீட்டுச் செலவுக்கு எடுத்திருந்தால் அந்த எடுப்புகளைக் கூட்டுவோம். வெளியிலிருந்து கூடுதல் முதல் போட்டிருந்தால் அதைக் கழிப்போம், ஏனென்றால் அது கடை சம்பாதித்தது அல்ல. மிஞ்சுவது லாபம்.

இதையே ஆட்டக்காரருக்குப் போட்டுப் பார்ப்போம். அவர் வந்தபோது அணி எங்கே இருந்தது, போகும்போது எங்கே இருந்தது?

ஆசியப் பெண்கள் சாம்பியன்ஷிப்பில் அப்போது இரண்டு நிலைகள் இருந்தன. 2007ல் இந்தியா இரண்டாம் நிலையில் ஆடி மேலே ஏறியது. 2009ல் போட்டி நம் சென்னையிலேயே நடந்தது, இந்தியா முதல் நிலையில் சீனா, கொரியா, ஜப்பானோடு ஆடியது. 2013 பாங்காக்கில் ஐந்தாம் இடம். 2015ல் மறுபடி கீழே இறங்கியது. 2017ல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பையின் பி பிரிவில் இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று வென்று மறுபடியும் மேலே ஏறியது.

இப்போது சரிக்கட்டல்கள். 2007 முதல் 2013 வரை நடந்த ஏற்றத்தில் பெரும்பங்கு கீதுவுக்கு உண்டு. அதை அனிதாவின் கணக்கில் மட்டும் எழுதினால் அது மோசடி. 2013 அணிக்கு ஸ்பெயின் நாட்டுப் பயிற்சியாளர் பிரான்சிஸ்கோ கார்சியா இருந்தார், அதையும் கூடுதல் முதலாகக் கழிக்க வேண்டும். சரி, கழித்தாகிவிட்டது. ஆனால் 2017 பெங்களூர் அணியில் கீது இல்லை. அனிதா இருந்தார். அப்போது அவருக்கு 32 வயது, அவரோடு ஆடியவர்களில் பலர் அவர் இந்திய அணிக்கு வந்தபோது ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர்கள். இறங்கிய அணியை ஏற்றிவிட்டுப் போனார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நற்பெயர் என்று ஒரு சொத்து உண்டு, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருப்புநிலைக் குறிப்பில் மதிப்பு உண்டு. பதினெட்டு வருடம் ஒரு பெண் இந்திய அணியில் நிலைத்து ஆடினார் என்பது, சென்னையில் பந்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் ஒவ்வொரு பெண் குழந்தையின் வீட்டிலும் நடக்கும் வாக்குவாதத்தில் குழந்தையின் பக்கம் நிற்கும் சாட்சி.

ஆக என் தீர்ப்பு: ஒரு ஆட்டத்துக்குக் கீது. ஒரு வரலாற்றுக்கு அனிதா. பட்டியலில் முதல் பெயர் ஒன்றுதான் எழுத முடியும் என்றால் நான் அனிதா பால்துரை என்று எழுதுவேன்.

எதிர்க்கட்சி என்ன சொல்லும்?

முதல் மறுப்பு: "நீண்ட நாள் ஆடினால் பெரியவரா? அப்படிப் பார்த்தால் ஆபீஸில் சீனியாரிட்டியில் மேனேஜர் ஆனவர்தான் சிறந்த ஊழியர்." நியாயமான கேள்வி. ஆனால் இந்திய அணியில் இடம் சீனியாரிட்டியில் வருவதில்லை. ஒவ்வொரு முறையும் தேர்வு முகாமுக்குப் போய் இருபது வயதுக்காரர்களோடு ஓடித்தான் இடம் பிடிக்க வேண்டும். ஒன்பது முறை தேர்வானார் என்றால் ஒன்பது முறை தன்னை நிரூபித்தார் என்று அர்த்தம்.

இரண்டாவது: "ஆண்கள் அணியை ஓரம்கட்டிவிட்டாய்." இல்லை. சீனாவை வென்ற 2014 ஆட்டத்தை நானும் கொண்டாடுகிறேன். ஆனால் அது ஒரு ஆட்டம். 1975ல் நான்காம் இடம் பிடித்த அணிதான் உண்மையான போட்டியாளர். அந்த அணியில் யார் எத்தனை பந்தைப் பிடித்தார், யார் யாருக்குக் கொடுத்தார் என்று ஒரு முழுக் கணக்கு நம் கைக்கு எட்டும் இடத்தில் இருந்திருந்தால் இந்தத் தீர்ப்பு மாறியிருக்கலாம். அந்தத் தலைமுறைக்கு நாம் செய்த அநியாயம் அது. அவர்களை யாரும் தோற்கடிக்கவில்லை. ஆஜராகாததால் வழக்கு தள்ளுபடி ஆன மாதிரி ஆகிவிட்டது.

மூன்றாவது: "சும்மா ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" இதற்குத்தான் நான் காத்திருந்தேன்.

ஜோர்டானா லெப்ரானா என்று சண்டை போடும்போது யாருக்கும் நஷ்டம் இல்லை. அந்த இருவரின் கணக்கும் பத்திரமாக இருக்கிறது. நூறு வருடம் கழித்தும் இருக்கும். ஆனால் நம் ஊரில் ஒரு ஆட்டக்காரர் ஓய்வு பெற்றால் அவர் ஆடிய ஆட்டங்களும் அவரோடு ஓய்வு பெற்றுவிடுகின்றன. அவருக்கு விருதுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றால், பயிற்சியாளர் வேலை கேட்க வேண்டும் என்றால், ஓய்வூதியம் கேட்க வேண்டும் என்றால் கையில் என்ன இருக்கும்? சில சான்றிதழ்கள், பேப்பரில் வெட்டி ஒட்டிய அந்த அடைப்புக்குறி வரிகள். புள்ளி எடுத்தவருக்காவது அது இருக்கும். தடுத்தவருக்கும் பந்து கொடுத்தவருக்கும் அதுவும் இருக்காது.

நிலைமை கொஞ்சம் மாறி வருகிறது. 2015ல் யுபிஏ என்று ஒரு தொழில்முறை லீக் தொடங்கி, சில சீசன்களில் நின்றுபோனது. 2022ல் ஐஎன்பிஎல் வந்தது. லீக் என்று வந்தால் டிவி வரும், டிவி வந்தால் எண்ணிக்கை வரும். சர்வதேசப் போட்டிகளில் ஃபிபா எல்லாவற்றையும் எண்ணி வைக்கிறது. இனி வரும் ஆட்டக்காரர்களுக்குக் கணக்கு இருக்கும். போனவர்களுக்குத்தான் இல்லை.

அதற்கு நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம்மில் யாருடைய அப்பாவோ, அத்தையோ, பக்கத்து வீட்டு மாமாவோ ரயில்வேக்கோ ஐசிஎஃப்புக்கோ வங்கிக்கோ ஆடியிருக்கலாம். தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரை ரயில்வே குடும்பங்களுக்கா பஞ்சம்? பரணில் பழைய ஸ்கோர்ஷீட், போட்டி மலர், பேப்பர் கட்டிங் ஏதாவது கிடந்தால் பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு போட்டோ எடுத்து, தேதியும் ஊரும் எழுதி வையுங்கள். அவர்களிடம் உட்கார்ந்து, கூட ஆடியதில் யார் கெட்டிக்காரர் என்று கேளுங்கள். பெரும்பாலும் நாம் கேள்விப்படாத ஒரு பெயரைத்தான் சொல்வார்கள். அந்தப் பெயரையும் எழுதி வையுங்கள்.

அனிதா பால்துரை என்று நான் முதல் வரியில் எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிட்டு வேறு பெயர் எழுத வேண்டும் என்று நினைப்பவர்கள் தாராளமாக வரலாம். ஒரே நிபந்தனை, கையில் கணக்கோடு வாருங்கள்.